கொழுப்பிழைய இயக்குநீர்களும் நாட்பட்ட சிறுநீரக நோயும்

கொழுப்பிழையத்தில் சுரக்கும் லெப்டின், அடிப்போநெக்டின் ஆகிய இயக்குநீர்களுக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பு 1990களின் பிற்பகுதியில் வெளிப்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் கொழுப்பிழையம் ஆற்றலைச் சேமிக்கும் கிடங்காகவே பெரிதும் கருதப்பட்டது.

லெப்டின் கண்டுபிடிப்பு

1949இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், அளவின்றி உண்டு பருக்கும் சுண்டெலிகள் கண்டறியப்பட்டன. அங்கு பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், இத்தகைய எலிகளின் குருதியோட்டத்தைப் பிற எலிகளுடன் இணைத்து ஆராய்ந்தார். பசியை அடக்கும் பொருளொன்று குருதியில் உலவுகிறது என்பது அவரது முடிவு. அப்பொருளுக்குரிய மரபணுவை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் நியூயார்க்கில் இனங்கண்டனர். ‘மெலிந்த’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்ற பெயர் பிறந்தது.

சிறுநீரகத்துடன் தொடர்பு

மிகை உடற்பருமன் உடையோரின் சிறுநீரில் புரதம் பெருமளவு வெளியேறுவதை மருத்துவர்கள் 1974இலேயே பதிவு செய்திருந்தனர். லெப்டின் அறியப்பட்ட பிறகு அதற்கான காரணங்களுள் ஒன்று புலப்பட்டது. சிறிய புரதமான லெப்டினைச் சிறுநீரகமே வடிகட்டிச் சிதைக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தால் அது குருதியில் தேங்கும். டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் லெப்டின் மிகுந்திருப்பதை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. 1999இல் குந்தர் வுல்ஃப் குழுவினர், லெப்டின் செலுத்தப்பட்ட எலிகளின் சிறுநீரக வடிமுடிச்சுகளில் தழும்பு உருவாவதைக் கண்டனர். பழுதால் தேங்கும் பொருளே பழுதை மிகுவிக்கக்கூடும் என்ற கருத்து இவ்வாறு உருவானது.

அடிப்போநெக்டின் முரண்

1995-96இல் பல குழுக்கள் தனித்தனியே கண்டறிந்த அடிப்போநெக்டின், உடல் பருக்கும்போது குறைகிறது. இது இல்லாத எலிகளின் சிறுநீரில் ஆல்புமின் கசிவதையும், இதைச் செலுத்தியதும் அக்கசிவு குறைவதையும் குமார் சர்மா குழுவினர் 2008இல் வெளியிட்டனர். எனவே இது சிறுநீரகக் காவலன் எனலாம். ஆனால் சிறுநீரக நோயாளிகளிடம் இதன் அளவு குறைவதில்லை, உயர்கிறது.

2002இல் இத்தாலியில் கார்மைன் சொக்காலி குழுவினர் டயாலிசிஸ் நோயாளிகளை ஆராய்ந்தபோது, அளவு குறைந்தவர்களுக்கே இதயக் குருதிக்குழல் பாதிப்புகள் மிகுதியாக நேர்ந்தன. 2006இல் வெளியான வேறோர் ஆய்வில், நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுள் அளவு மிகுந்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. நோயால் உடல் மெலிவதும் அடிப்போநெக்டினை உயர்த்துவது இம்முரணுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

முக்கியத்துவம்

ஓர் இயக்குநீர் குருதியில் மிகுந்திருப்பது, அது மிகுதியாகச் சுரப்பதாலோ வெளியேற வழியின்றித் தேங்குவதாலோ இருக்கலாம். ஆகவே சிறுநீரக நோயாளியின் குருதி அளவை மட்டும் கொண்டு நன்மை தீமையைக் கூற இயலாது. சிறுநீரகச் செயல்திறனையும் உடல் நிலையையும் சேர்த்தே நோக்க வேண்டும்.