வடகிழக்கில் பன்றி வளர்ப்பு: ஊக்குவிப்புத் திட்டங்களும் நோய்த் தடுப்பின் அவசியமும்

வடகிழக்கு மாநிலங்களின் ஊரகப் பொருளாதாரத்தில் பன்றி வளர்ப்புக்கு முக்கிய இடம் உண்டு. நாகா, காசி, காரோ, மிசோ, போடோ உள்ளிட்ட சமூகங்களில் பன்றி இறைச்சி அன்றாட உணவாகவும் விருந்து உணவாகவும் விளங்குகிறது. பெரும்பாலான குடும்பங்கள் வீட்டின் பின்புறத்தில் இரண்டு, மூன்று பன்றிகளை மட்டுமே வளர்க்கின்றன. சமையலறைக் கழிவுகள், சேப்பங்கிழங்கு இலை, தவிடு ஆகியவையே அவற்றின் தீவனம். பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு போன்ற அவசரத் தேவைகளுக்கு உதவும் சேமிப்பாகவும் இப்பன்றிகள் கருதப்படுகின்றன.

குறையும் எண்ணிக்கை

2019-ஆம் ஆண்டு நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள் உள்ளன. இது 2012-ஆம் ஆண்டின் எண்ணிக்கையைவிட 12 சதவீதம் குறைவு. சுமார் 21 லட்சம் பன்றிகளுடன் அசாம் முதலிடத்திலும், அடுத்த இடங்களில் ஜார்க்கண்ட், மேகாலயா மாநிலங்களும் உள்ளன. வடகிழக்கின் தேவைக்கு உள்ளூர் உற்பத்தி போதாததால் பஞ்சாப், ஹரியாணா உள்ளிட்ட மாநிலங்களில் இருந்தும் பன்றிகள் கொண்டுவரப்படுகின்றன.

ஆராய்ச்சியும் மானியமும்

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள்களே என்பதால் ஓர் ஆண்டில் இருமுறை குட்டிகள் பெற இயலும். அசாமின் குவாஹாட்டி அருகே ராணி என்னுமிடத்தில் இயங்கும் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷயர் இனத்தையும் மேற்கு வங்கத்தின் குங்ரூ இனத்தையும் இணைத்து 'ராணி' என்ற கலப்பினத்தை உருவாக்கியுள்ளது. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ், 100 பெண் பன்றிகளும் 10 ஆண் பன்றிகளும் கொண்ட இனப்பெருக்கப் பண்ணை அமைப்போருக்கு 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சமாக ரூ.30 லட்சம் வரை வழங்கப்படுகிறது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்

இம்முயற்சிகளுக்குப் பெரும் சவாலாக இருப்பது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இந்தியாவில் முதன்முறையாக 2020-ஆம் ஆண்டு அசாம், அருணாசலப் பிரதேசத்தில் இந்நோய் உறுதி செய்யப்பட்டது. பின்னர் மிசோரம் உள்ளிட்ட பிற வடகிழக்கு மாநிலங்களுக்கும், 2022-இல் கேரளத்தின் வயநாடு மாவட்டத்துக்கும் பரவியது. இது மனிதர்களைத் தாக்குவதில்லை. எனினும், பாதிக்கப்பட்ட பன்றிகளில் ஏறத்தாழ அனைத்துமே இறக்கக்கூடும். குணப்படுத்தும் மருந்தும் இல்லை. எனவே நோய் கண்டறியப்பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சுற்றளவு பாதிப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அங்குள்ள பன்றிகள் அழிக்கப்படுகின்றன. 10 கிலோமீட்டர் சுற்றளவு கண்காணிப்பில் வைக்கப்படுகிறது.

சிறு வளர்ப்போரின் பாதுகாப்பு

பெரிய பண்ணைகள் வேலி, கிருமி நீக்கம், தனி தீவனம் ஆகியவற்றால் நோயைத் தடுக்க இயலும். இரண்டு பன்றிகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அவ்வசதி இல்லை. பன்றிகள் அழிக்கப்படும் என்ற அச்சத்தில் நோயுற்றவற்றை அவசரமாக விற்றுவிட்டால் தொற்று அடுத்த கிராமத்துக்கும் பரவும். எனவே, அழிக்கப்படும் பன்றிகளுக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைப்பது நோய்த் தடுப்பின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

உணவகக் கழிவுகளை நன்கு கொதிக்க வைத்த பின்னரே தீவனமாக அளித்தல், புதிதாக வாங்கிய பன்றிகளைச் சில வாரங்கள் தனியே வைத்திருத்தல், வெளியாட்களைக் கொட்டிலுக்குள் அனுமதிக்காதிருத்தல், திடீர் இறப்பு நேர்ந்தால் உடனடியாகக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் ஆகியவை சிறு வளர்ப்போரும் பின்பற்றக்கூடிய எளிய வழிமுறைகளாகும். இவை கிராமந்தோறும் நடைமுறைக்கு வந்தால்தான் ஊக்குவிப்புத் திட்டங்களின் பயன் ஏழைக் குடும்பங்களைச் சென்றடையும்.