மணிமேகலையில் தேராது தெளிதல்

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி தன் கொள்கையை உரைக்குங்கால், அளவைகளைக் கூறியதனோடு அமையாது அளவைப் போலிகள் எட்டினையும் எண்ணுகின்றான். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. உ. வே. சாமிநாதையர் 1898இல் இந்நூலைப் பதிப்பித்த பின்னர், இதன் தருக்கப் பகுதிகளை வடமொழி நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தோர் பலர். ஈண்டு நாம் நோக்க விழைவது வேறொன்று. இவ்வெட்டனுள் ஒன்று காப்பியக் கதையோடு கொண்டுள்ள தொடர்பே அது.

இப்பியை வெள்ளியெனக் கொள்வது திரியக்கோடல். புலி அண்மையில் வரக் கண்டும் அறியாதிருப்பது கண்டுணராமை. இவை எளிதின் விளங்குவன. ஆராய்ச்சிக்குரியன ஐயமும் தேராது தெளிதலுமே. இரண்டற்கும் சாத்தனார் காட்டும் பொருள் ஒன்றே; வெளியில் நிற்கும் தறி. தறியோ மகனோ எனத் துணியாது நிற்பின் அஃது ஐயம். ஆராயாமலே மகன் எனத் துணியின் அது தேராது தெளிதல். கண்ட பொருளில் வேறுபாடில்லை. கண்டவன் உள்ளம் நின்ற நிலையிலேயே வேறுபாடு உள்ளது. ஐயுறுவோன் தன் அறியாமையை அறிந்திருக்கின்றான். தெளிந்துவிட்டவனோ மேலும் வினவுதற்குக் காரணம் காணான். ஆதலின் இவ்விரு போலிகளுள் கொடியது பின்னதே எனலாம்.

இதற்குக் கதை தரும் சான்று காஞ்சனன். யானைத்தீ நோயுற்ற மனைவி காயசண்டிகையைப் பன்னீராண்டு பிரிந்திருந்த அவ்விஞ்சையன் திரும்பி வந்து, அவள் வடிவு கொண்டிருந்த மணிமேகலையைக் காண்கின்றான். அவள் தன்னைப் பொருட்படுத்தாது உதயகுமரனோடு உரையாடுகின்றாள். அவள் கூறியதோ யாக்கை நிலையாமை. காஞ்சனன் கொண்டதோ தன் மனைவி அயலானைக் காதலித்தாள் என்பது. நள்ளிரவில் உதயகுமரன் வாளுக்கு இரையாகின்றான். உண்மையை உரைப்பது கந்திற்பாவை. தறியை மகனென மயங்குதல் எடுத்துக்காட்டாகிய நூலில், தூணில் நின்ற பாவையே மயங்கியோனைத் தெருட்டுவது சுவைக்கத்தக்கது.

அமெரிக்க மனநோய் மருத்துவர் ஆரன் பெக் 1963இல் வெளியிட்ட கட்டுரையில், மனச்சோர்வுற்றோர் எண்ணங்களிற் காணும் திரிபுகளை வகைப்படுத்தினார். சான்று இல்லாதபோதும் முடிவு கொள்ளல் அவற்றுள் ஒன்று. ஒருவன் மறுமொழி கூறாது சென்றான் எனின், அவன் தன்னை இகழ்ந்தான் என்றே நோயாளர் துணிவர். தேராது தெளிதலோடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை. ஆயினும் பெக் கண்டதை நம் முன்னோர் முன்னரே கண்டனர் என முழங்குதல் ஆராய்ச்சியாகாது. அளவைவாதி நோக்கியது வாதத்திற்குரிய அறிவின் தூய்மை. பெக் நோக்கியது தன்னையே தாழ்த்தி வருந்தும் நெஞ்சு. தறியின்கண் மயங்குவோனுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. அவை சேரும்போது நிகழ்வதைச் சாத்தனார் பட்டியலிற் கூறவில்லை, கதையிலேயே கூறினார்.

திரிபை நீக்கும் நெறியும் கதையிலேயே உளது. மகனை இழந்த அரசமாதேவி மணிமேகலையைச் சிறையிட்டுத் துன்புறுத்துகின்றாள். 23ஆம் காதையில் மணிமேகலை அவளைப் பழிக்கவில்லை. நீ அழுதது உடலுக்கோ உயிருக்கோ என வினவுகின்றாள். உடலுக்கு எனின் அதனைச் சுடுகாட்டிற்கு விடுத்தவர் யார்? உயிருக்கு எனின் அது வினைவழிச் சென்று புகுந்த இடத்தை அறிதல் அரிது. அவ்வுயிர்க்கு அன்புடையாய் எனின் எவ்வுயிர்க்கும் இரங்கல் வேண்டும் என்கின்றாள். துயரம் எனத் திரண்டு நின்ற ஒன்று இவ்வினாக்களால் கூறுபடுகின்றது. பெக்கின் மருத்துவ முறையிலும் வினாவே முதன்மைக் கருவி.

அளவைவாதியின் கொள்கையை மணிமேகலை ஏற்றிலள். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு உரைத்த அளவைகள் காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே. போலிகளைப் பற்றி அவர் உரைப்பதோ மிக விரிவானது.