மலை மேல் ஒரு முத்திரை

தாய்லாந்தின் சத்துன் மாகாணத்துக்கும் மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்துக்கும் நடுவில், காட்டு மலையில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. தாய்லாந்துப் பக்கத்தில் வாங் பிரச்சான். மலேசியப் பக்கத்தில் வாங் கெலியான். சரக்கு லாரிகளுக்குச் சதாவோ, ரயிலுக்குப் பாடாங் பெசார் என்று ஆகிவிட்டதால், இந்த வழியில் பொதுவாகக் கூட்டம் குறைவு. அந்த அமைதியைத் தேடி வந்தவர்களும் உண்டு.

பெர்லிசும் சத்துனும் ஒரு காலத்தில் கெடா சுல்தானகத்தின் பகுதிகளாக இருந்தவை. 1909 மார்ச் 10 அன்று பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், கெடா, பெர்லிஸ், கிளாந்தான், திரங்கானு ஆகியவற்றின் மீதிருந்த உரிமையைச் சயாம் (அன்றைய தாய்லாந்து) பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. தெற்கே ரயில் பாதை போடச் சயாமுக்கு 40 லட்சம் பவுன் கடன் கிடைத்தது. சத்துன் சயாமிடமே தங்கிவிட்டது. மலைப்பகுதியில் எல்லையை நீர்பிரி முகட்டை வைத்தே வகுத்தார்கள்: மழைநீர் பெர்லிஸ் ஆற்றுப் பக்கம் வழிந்தால் பிரிட்டனுக்கு, மறுபக்கம் வழிந்தால் சயாமுக்கு. சுல்தான்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடல்ல அது.

கோடு விழுந்த பிறகும் ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பிற்காலத்தில் இரு அரசுகளும் அதற்கு இசைந்து, எல்லைக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வர விட்டன. எல்லையில் கூடிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அப்படித்தான் களைகட்டியது.

அதே சாவடிக்குப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களின் கணக்கே வேறு. அப்போது தாய்லாந்தில் பல நாட்டவர் விசா இல்லாமல் 30 நாள் தங்க முடிந்தது. நாள் முடிந்தால் வெளியேற வேண்டும். ஆனால், வெளியேறியவர் உடனே திரும்பக் கூடாது என்று வெகுகாலம் எந்த விதியும் சொல்லவில்லை. தாய்லாந்தின் வெளியேற்ற முத்திரை, மலேசியாவின் வருகை முத்திரை, மறுபடி அதே இரண்டும் தலைகீழாக: இன்னொரு 30 நாள் கையில். ஆழ்கடல் நீச்சல் பயிற்றுநர், ஆங்கில ஆசிரியர், ஓய்வூதியக்காரர் என்று பலர் இதை நம்பியே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். இந்தப் பயணத்துக்கு ‘விசா ரன்’ என்று பெயரே வந்துவிட்டது. மினிவேன் ஏற்பாடு செய்து தருவது ஒரு தனித் தொழிலாகவும் வளர்ந்தது. மலேசியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், பிற்பகலில் கிளம்புகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

இதை ஏய்ப்பு என்பது அவ்வளவு சரியல்ல. சட்டம் நாளைத்தான் எண்ணியது, ஆளை எண்ணவில்லை.

பிறகு ஆளையும் எண்ணத் தொடங்கினார்கள். 2006இல் ஆறு மாதத்துக்கு 90 நாள் என்று உச்சவரம்பு வந்தது. 2008 இறுதியில், தரைவழியாக வருவோருக்கு 15 நாள் மட்டுமே என்றானது. பயணம் குறையவில்லை, மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் இருமுறை வந்தார்கள். ராணுவ ஆட்சி ஏற்பட்ட 2014இல் போன காலோடு திரும்புகிறவர்களைத் தடுக்கத் தொடங்கினார்கள். விந்தை என்னவென்றால், அதே ஆண்டு ஆகஸ்டில், குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டினால் 30 நாள் நீட்டிப்பு என்ற வசதியும் வந்தது.

2015இல் வாங் கெலியானின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. ஆள்கடத்தல் கும்பல்களின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் அந்த எல்லைக் காடுகளில் கண்டறியப்பட்டதாக மே மாதம் மலேசியக் காவல்துறை அறிவித்தது. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ரோஹிங்கியாக்களும் வங்கதேசத்தவரும். முத்திரைக்காக வந்தவர்கள் நடந்த அதே மலைத்தொடரில், முத்திரை குத்த ஒரு தாள்கூட இல்லாதவர்களைப் பணயம் வைத்துப் பேரம் நடந்திருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் சந்தைக்குப் போய்வரும் சலுகை அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது, சந்தை களையிழந்தது.

2016இன் கடைசி நாளில் இன்னொரு விதி அமலுக்கு வந்தது: விசா இல்லாமல் தரைவழி வருகை ஆண்டுக்கு இருமுறைதான். 2024 ஜூலையில் தாய்லாந்து, இந்தியா உள்பட 93 நாடுகளுக்கு விசா இல்லாத் தங்கலை 60 நாளாக்கியது. 1,900 பாட் நீட்டிப்பையும் சேர்த்தால், 90 நாள்வரை மலைப்பக்கம் போகவே வேண்டாம் என்றானது.