ஃபேதம்

பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டியின் பழைய கடல் வரைபடங்களில் நீர்ப்பரப்பெங்கும் சிறு சிறு எண்கள் தூவியதுபோல் இருக்கும். பெரும்பாலும் அவை ஃபேதம் கணக்கில் ஆழத்தைச் சொல்பவை. ஒரு ஃபேதம் ஆறு அடி, 1.8288 மீட்டர். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு விரித்த இரு கைகள், அணைப்பு என்று பொருள். கயிற்றைக் கைவிரித்து அளந்த பழக்கத்தில் அது அளவாயிற்று. நம் மீனவர்கள் ஆழம் சொல்லும் ‘பாகம்’ என்பதும் இதே கையளவுதான்.

ஆழம் பார்த்த கருவி, ஈயக்குண்டு கட்டிய கயிறு. கயிற்றில் அடையாளமாக 2 ஃபேதத்தில் இரண்டு தோல் வார், 3-இல் மூன்று, 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி. துணிகளின் நெசவும் வேறுபட்டதால் இருட்டிலும் தடவியே ஆழம் சொல்லலாம். குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். ஒட்டி வரும் மணல், சேறு, கிளிஞ்சல் எல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் பதிவாகும். கண்ணுக்கே தெரியாத தரையை இப்படித் தொட்டறிந்தது மகத்தான நுட்பம்!

இத்தகைய வரைபடங்களுக்குப் பொறுப்பாக 1795-இல் அட்மிரால்டியின் முதல் கடல் அளவை அதிகாரியான அலெக்சாண்டர் டால்ரிம்பிள், இளமையில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்தவர். பின்னர் 1875-இல் ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் மேற்குப் பசிபிக்கில் 4,475 ஃபேதம் ஆழத்தை அளந்தது. எட்டு கிலோமீட்டருக்கும் மேல்.

ஆங்கிலத்தில் ஒன்றை ஆழ்ந்து புரிந்துகொள்வதற்கும் ஃபேதம் என்ற சொல்லே வினையாக வரும். சொல் நிலைத்தாலும், பிரிட்டிஷ் வரைபடங்கள் 1960-களின் பிற்பகுதியிலிருந்து மீட்டருக்கு மாறின. அமெரிக்க வரைபடங்கள் பலவற்றில் ஃபேதமே நீடித்தது.