கந்தரோடை பரீட்சைக்கு வராது

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில், சனிக்கிழமைகளில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். சம்பளம் இல்லை. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிற எனக்கு, நாளைக்கு ரீச்சர் ஆகிறதென்றால் இப்பவே பழகவேணும் என்ற எண்ணம்தான்.

முதல் பாடம் வரலாற்று மூலாதாரங்கள். இலக்கிய மூலாதாரம், தொல்லியல் மூலாதாரம் என்று கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு நின்றேன். பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன் கேட்டான்: "அக்கா, கந்தரோடையில கிடக்கிற அந்தக் குட்டித் தூபியள் எங்கட ஆக்கள் கட்டினதோ, அவை கட்டினதோ?"

கந்தரோடை அவன் வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். நான் சொன்ன பதில்: "அது பரீட்சைக்கு வராது தம்பி. எழுதிறதை எழுதுங்கோ."

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வெட்கமாக இருந்தது. பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. பாதிப் பதில் தெரியும். அதைச் சொன்னால் வீட்டில் போய் என்ன சொல்வான், ஆர் வந்து கேட்பினம் என்ற பயத்தில்தான் சொன்னேன். இந்தப் பயத்தை எப்படிக் கையாளுவது என்று ஒரு வரலாற்று ஆசிரியருக்கு எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் ஆசிரியரை உருவாக்குகிற கதை நீளமானது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், அவன் சட்டாம்பிள்ளை. வாத்தியாரைச் 'சட்டம்பியார்' என்று எங்கட பாட்டாமார் கூப்பிட்டதும் அந்தச் சொல்வழிதான் என்று நினைக்கிறேன். பிறகு மிசனரிமார் பயிற்சிப் பாடசாலைகளை நடத்தினார்கள். சைவப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்பதில் இருந்த சிக்கல்களால், 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலையை நடத்தியது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை படிப்பித்த இடம் அது. கோப்பாயில் அரசாங்கக் கலாசாலை இருந்தது. ஆசிரியரை ஆர் பயிற்றுகிறார்களோ, அவர்களுடைய உலகம்தான் வகுப்புக்குள் வரும் என்று எல்லாத் தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. சும்மா கட்டிடம் கட்டவில்லை.

இப்ப இரண்டு பாதைகள். உயர்தரத்துக்குப் பிறகு தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போனால் மூன்று வருஷம். கடைசி வருஷம் ஒரு பாடசாலையில் நின்று படிப்பிக்க வேண்டும். என்னைப் போலப் பட்டதாரியாக வந்தால் பெரும்பாலும் தலைகீழ்: முதலில் நியமனம், வகுப்பு, நாற்பது பிள்ளைகள். பட்டப்பின் கல்வி டிப்ளோமா எல்லாம் பிறகுதான்.

வரலாற்றுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறு தனிப்பாடமாக இல்லாமல் போய், சமூகக்கல்விக்குள் கரைந்தது. 2007இல் இருந்துதான் திரும்பவும் தனிப்பாடமாக, சாதாரண தரத்தில் கட்டாய பாடமாக வந்தது. ஆக, இன்று நாற்பது வயதைத் தாண்டிய பல ஆசிரியர்கள், தாங்கள் பள்ளிக்கூடத்தில் தனியாகப் படிக்காத ஒரு பாடத்தைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்தது பாடநூலும் கடந்தகால வினாத்தாளும். 'பரீட்சைக்கு வராது' என்ற வசனமே அந்த இடத்தில் பிறந்ததாக இருக்கலாம்.

சரி, பெடியனுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கந்தரோடையில் 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் கிண்டினார். பௌத்த எச்சங்கள் வெளியே வந்தன. சிங்களத்தில் அந்த இடத்துக்குக் கதுருகொட விகாரை என்று பெயர். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், அந்தத் தூபிகளுக்கு முந்திய காலத்துக் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு ஒத்துப்போகிறவை. 1980இல் எங்கட பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் கண்டெடுத்த முத்திரையும் அப்படியொரு பண்பாட்டுச் சூழலில் வந்ததுதான்.

1936இல் வல்லிபுரத்தில் ஒரு பொற்சாசனம் கிடைத்தது. நாலு வரி, பிராமி எழுத்து. வசப மன்னன் காலத்தில், நாகதீவை ஓர் அமைச்சன் ஆண்டபோது, ஒருவர் விகாரை கட்டியதாகச் சொல்கிறது. பரணவிதான அதை ஒரு விதமாக வாசித்தார், பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை அதன் மொழியில் தமிழின் சாயலைக் கண்டார். நாலு வரிக்கு எத்தனை வருஷச் சண்டை!

தூபி கட்டினவர்கள் பௌத்தர்கள். அதில் சந்தேகம் இல்லை. பௌத்தர் என்றால் சிங்களவர்தான் என்பது இன்றைய கணக்கு. மணிமேகலையைத் தமிழ்ப்பாடத்தில் பெருமையாகப் படித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் 'தமிழருக்கும் பௌத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை' என்று நாங்கள் தலையாட்டுகிறோம். புதிதாக ஒரு புத்தர் சிலை முளைக்கிற காலத்தில், பழைய தூபியைப் பற்றிக் கதைக்கவே வாய் கூசுகிறது. கதைக்காமல் விட்டால் அந்த இடத்தின் கதையை வேறு ஆரோ சொல்லி முடித்துவிடுவார்கள்.

இதில் எனக்குத் துணிவு தந்தவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. 1965இல் லண்டனில் செய்த ஆய்வில், இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பரவலானது பிந்திய காலத்தில்தான் என்ற முடிவுக்கு வந்தவர். அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் அரசியல் செய்தார்கள். புதிய சான்றுகள் வந்தபிறகு, 2005இல் வெளியான நூலில் தன் பழைய முடிவை அவரே மாற்றினார். பிள்ளைகளுக்கு மூலாதாரப் பாடத்தில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வெண்கட்டியை எடுத்து, வல்லிபுரச் சாசனம் சொல்கிற செய்தியை எழுதினேன். 'இது என்ன சொல்லுது', 'இது என்ன சொல்லேல்லை' என்று கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரிக்கச் சொன்னேன். முதல் பக்கம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடியவே இல்லை. கட்டினவர் வீட்டில் என்ன பாஷை கதைச்சார்? ஊர்ச்சனம் எல்லாரும் பௌத்தரோ? பொன் எங்கேயிருந்து வந்தது? கடைசிக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை.

பின்வாங்குப் பெடியன் திரும்பவும் கை தூக்கினான். "அப்ப அக்கா, பேப்பரில வந்தா எதை எழுதிறது?"

"பேப்பரில புத்தகத்தில உள்ளதை எழுது. கொப்பியில இதை வைச்சிரு" என்றேன். இந்தப் பதிலிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

வாற சனிக்கிழமை எல்லாரும் சைக்கிளில் கந்தரோடைக்குப் போகிறோம். பதினொரு பேர் வருகினம். ஒரு பிள்ளையின் அம்மா மட்டும், "அங்க ஏன் பிள்ளை கூட்டிக்கொண்டு போறியள்?" என்று போனில் கேட்டா. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவவின்ர வீட்டுக்குப் போய்க் கதைக்க வேணும்.