கன்னாபிடியால், கன்னாபிஜெரால் வேறுபாடுகள்

கன்னாபிடியால் (சிபிடி), கன்னாபிஜெரால் (சிபிஜி) ஆகியன கஞ்சாச் செடியில் காணப்படும் இரு வேதிச் சேர்மங்கள் ஆகும். நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் 'ஹெம்ப்' வகைச் செடிகளிலும் இவை உள்ளன. இச்செடியின் போதைக்கு முதன்மைக் காரணம் டெட்ராஐதரோகன்னாபினால் (டிஎச்சி) என்னும் வேறொரு சேர்மம் ஆகும். சிபிடி, சிபிஜி இரண்டும் போதை தருவதில்லை. எனினும் அமைப்பு, செயற்பாடு, மருத்துவச் சான்று, விளையாட்டு விதிகள் ஆகியவற்றில் இவை வேறுபடுவதால் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொள்ள இயலாது.

கண்டுபிடிப்பு

1940 இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் குழுவினர் சிபிடியைப் பிரித்தெடுத்தனர். அதன் சரியான கட்டமைப்பை 1963 இல் இசுரேலிய வேதியியலாளர்களான ரஃபேல் மெச்சூலம், யுவால் ஷ்வோ ஆகியோர் கண்டறிந்தனர். 1964 இல் யெகியேல் காவோனியும் மெச்சூலமும் சிபிஜியைப் பிரித்தெடுத்தனர்.

அமைப்பும் உருவாக்கமும்

சிபிஜி மூலக்கூறில் 21 கார்பன், 32 ஐதரசன், 2 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. சிபிடியில் ஐதரசன் அணுக்கள் 30 மட்டுமே. சிபிஜியில் நீண்ட சங்கிலியாக இருக்கும் பகுதி, சிபிடியில் வளையமாக மூடியுள்ளது.

செடியில் முதலில் உருவாவது கன்னாபிஜெராலிக் அமிலம் ஆகும். நொதிகள் இதனைச் சிபிடி, டிஎச்சி ஆகியவற்றின் அமில வடிவங்களாக மாற்றுகின்றன. பின்னர் வெப்பத்தால் கார்பன் டைஆக்சைடு நீங்கி அமிலங்கள் சிபிடி, சிபிஜி, டிஎச்சி ஆகின்றன. தொடக்க அமிலத்தின் பெரும்பகுதி இவ்வாறு செலவாகிவிடுவதால், முதிர்ந்த செடிகளில் சிபிஜி பொதுவாக 1 விழுக்காட்டிற்கும் குறைவாகவே எஞ்சுகிறது. சிபிஜி மிகுந்த செடி வகைகளும் தனியே உருவாக்கப்பட்டுள்ளன.

உடலில் செயற்பாடு

ஆய்வக ஆய்வுகளில் சிபிடி, 5-எச்டி1ஏ எனப்படும் செரோட்டோனின் ஏற்பியின் செயலைத் தூண்டுகிறது. சிபிஜி அதனைத் தடுக்கிறது. 2011 இல் எலிகளிலும் மூஞ்சூறுகளிலும் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், சிபிடியின் குமட்டல் தணிக்கும் விளைவைச் சிபிஜி இல்லாமற் செய்தது. மேலும் சிபிஜி ஆல்ஃபா-2 அட்ரினலின் ஏற்பியைத் தூண்டுகிறது.

மருத்துவப் பயன்பாடு

தூய்மையாக்கப்பட்ட சிபிடி கொண்ட எபிடியோலெக்ஸ் என்னும் மருந்திற்கு 2018 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. லெனாக்ஸ்-காஸ்டோ, ட்ராவே ஆகிய கடுமையான வலிப்பு நோய்களுக்கு இது வழங்கப்படுகிறது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதிகளின் அளவு உயர்தல் ஆகியன இதன் பக்க விளைவுகள் ஆகும். குளோபசாம் போன்ற வலிப்பு மருந்துகளுடன் இது வினையாற்றக்கூடும். எனவே போதை தராத பொருள் என்பதால் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது.

சிபிஜி குறித்த சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகங்களிலும் விலங்குகளிலும் பெறப்பட்டவை. 2020 இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒருவகைப் பாக்டீரியாத் தொற்றைச் சிபிஜி சுண்டெலிகளில் கட்டுப்படுத்தியதாக அறிவித்தனர். இதைக் கொண்டு மனிதருக்கான பயனை முடிவு செய்ய இயலாது.

விளையாட்டுத் துறையில்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2018 முதல் சிபிடிக்கு மட்டும் விலக்களித்தது. சிபிஜி உள்ளிட்ட ஏனைய கஞ்சாச் சேர்மங்கள் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. ஆகவே 'சிபிடி' எனப் பெயரிட்டு விற்கப்படும் எண்ணெயில் சிபிஜியோ டிஎச்சியோ கலந்திருந்தால், அதனை உட்கொள்ளும் வீரர் விதிமீறலுக்கு உள்ளாக நேரிடும்.