ஆர்ட்டிஸ்ட்

ஆர்ட்ஸ் காலேஜில் படித்துத் தேறியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு யானையைக்கூட யானை மாதிரி வரையத் தெரியாது. அதற்கு நானே சாட்சி. ஆனாலும் காலேஜின் பெயரில் பிழை இல்லை. ‘ஆர்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குத் திறமை என்றுதான் பொருள். இலக்கணமும் கணிதமும் வான நூலும் அங்கே ‘ஆர்ட்’தான். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த ‘ஆர்ட்டிஸ்ட்’ முதலில் இவற்றைக் கற்றவனையே குறித்தது. ரசவாதியையும் வைத்தியனையும்கூட அப்படி அழைத்ததுண்டு. 1755இல் டாக்டர் ஜான்சன் அகராதி போட்டபோதும், பெரும்பாலும் கைத்தொழிலில் வல்லவன் என்றே பொருள் எழுதினார்.

படம் எழுதுகிறவன் இந்தப் பட்டத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். பட்டம் கிடைத்ததும் கதவைச் சாத்தினான்! 1768இல் லண்டனில் ராயல் அகாடமி தோன்றியபோது, தகட்டில் செதுக்கி அச்சுப்படம் எடுப்பவர்களை முழு அங்கத்தினராகச் சேர்க்கவில்லை. பிறர் வரைந்ததைப் பார்த்துச் செதுக்குவது கலையாகுமா என்பது வாதம். ஒரே வேரில் பிறந்த ‘ஆர்ட்டிஸன்’ என்ற தம்பியைத் திண்ணையில் நிறுத்திவிட்டு, அண்ணன் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இந்த வழக்கை மாஞ்சோலைக் கடைத்தெருவில் ஒரு நாள் நான் நேரிலேயே கேட்டேன். டீக்கடைப் பலகை எழுத மணிமுத்தாறிலிருந்து மலையேறி வந்த ஒருவர், மூலையில் தம் பெயருக்கு முன்னால் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டார்.

“பெயிண்ட் அடிக்கிறவரு பெயிண்டர்னு போடும் வே” என்றார் கடைக்காரர்.

“அடிக்கது செவுத்துக்கு, அண்ணாச்சி. போர்டுக்கு எழுததுல்லா?” என்று சொல்லிவிட்டு அவர் பிரஷைத் துடைத்தார். டாக்டர் ஜான்சன் இவர் கட்சி.

நிற்க. நம் பழைய வழக்கிலும் கலைஞன் என்றால் கற்றறிந்தவன்தான். ஓவியருக்கு மதுரைக்காஞ்சி தரும் பெயர் ‘கண்ணுள் வினைஞர்’. பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துகிறவர்கள் என்று நச்சினார்க்கினியர் விளக்குகிறார். வினைஞர் என்பது தொழில் செய்பவரைக் குறிக்கும். தொழிலை ஒளிக்காமலே பெருமை சொல்லும் பெயர். எனக்கு இதன்மேல்தான் ஆசை.

கோவில்பட்டி கொண்டையராஜுவுக்கு (1898–1976) அது பொருந்தும். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அச்சுக்காரனை அகாடமி வெளியே நிறுத்தியது; இவர் புகழோ சிவகாசி அச்சகங்களால்தான் பரவியது. அவரும் சீடர்களும் எழுதிய தெய்வங்களை, மாஞ்சோலையில் ஆள் குடியிருந்த நாளில், லயன் வீட்டுச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். தேதித் தாள் தீர்ந்து பல வருஷமாகியும் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றாமல், முருகன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.